ஈமுவுக்கு நிலத்திலேயே உணவு விளைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈமுவைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு விஷயங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று, 1932-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களைக் காக்க ராணுவம் இயந்திரத் துப்பாக்கியோடு இறங்கித் தோற்றுத் திரும்பிய கதை. மற்றொன்று, எதைப் போட்டாலும் ஈமு விழுங்கிவிடும் என்ற பேச்சு. முதல் கதையால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டாவதை நம்பி வளர்ப்பவர்களின் பட்டிகளில் பறவைகள் வீணாகச் சாகின்றன. ஆஸ்திரேலியாவில் நகரத்துக்கு வெளியே சில ஏக்கர் நிலம் வாங்கி, உரிமம் பெற்று ஈமு வளர்க்க விரும்பும் தமிழர்களும் உங்கள் வாசகர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் வயிற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஈமு தின்றது ஏறக்குறைய 5, 6 மணி நேரத்தில் எச்சமாக வெளியே வந்துவிடும். தீக்கோழியின் குடலில் உணவு ஒரு நாளுக்கும் மேலாகத் தங்கி நொதிக்கும். அதனால்தான் தீக்கோழி காய்ந்த புல்லைக்கூடச் சத்தாக்கிக்கொள்கிறது. ஈமுவால் அது முடியாது. நார்ச்சத்தை ஈமுவும் ஓரளவு செரிக்கும், ஆனால் நார் இளசாக இருக்க வேண்டும். காட்டு ஈமு பஞ்ச காலத்தில்கூடக் காய்ந்த புல்லையும் முற்றிய இலையையும் தொடாமல் கடந்து போகும். பட்டிக்குள் வைக்கோலைக் கொட்டிவிட்டு, “தீனி கிடக்கிறது, தின்ன மாட்டேன் என்கிறது” என்று குறைபட்டுக்கொள்வதில் பொருளே இல்லை. தீக்கோழிக்கென்று விற்கும் நார் மிகுந்த தீவனமும் இதே காரணத்தால் இதற்குச் சரிப்படாது.

அப்படியானால் அது எதைத் தின்கிறது? உள்நாட்டு வறண்ட பகுதிகளில் மழைக்கு முன்பு முல்கா என்ற வேல இனத்து மரத்தின் விதைகள். மழை பெய்ததும் புல்லின் கொழுந்து, கம்பளிப்பூச்சி. குளிர்காலத்தில் கொன்றை இனத்துப் புதர்களின் இலையும் காயும். வசந்தத்தில் வெட்டுக்கிளியும், குவாண்டாங் என்ற சந்தன இனத்து மரத்தின் பழமும். ஒன்று தீரும்போது அடுத்தது வருகிறது. வராத இடத்தை விட்டு நடந்துவிடுகிறது. வேலி போட்டுவிட்டால் நடக்க முடியாது. ஆகவே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று விதையாகவோ, பழமாகவோ, தளிராகவோ, பூச்சியாகவோ கிடைக்கும்படி அந்த நிலத்தை நடுவது வளர்ப்பவரின் கடமையாகிறது. தொட்டியில் போடுவது இந்த வரிசையில் விழும் இடைவெளியை நிரப்பத்தான்.

தொட்டித் தீவனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வளர்ந்த பறவைக்கு 14 முதல் 16 சதவீதம் புரதமுள்ள, ஈமு இனத்துக்கென்றே தயாரித்த பெல்லட் (சிறு உருளைத் துண்டு) தீவனம் போதும். மேய்ச்சல் இல்லாத வெற்றுப் பட்டியில் ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு 600 முதல் 900 கிராம். செடியும் பூச்சியும் உள்ள நிலத்தில் இதில் பாதி. தூளாக இருக்கக் கூடாது. ஈமுவின் நாக்கு குட்டையானது. அலகின் நுனியால் கவ்வி, தலையைச் சட்டென்று முன்னால் வீசி உணவைத் தொண்டைக்குள் எறிந்துகொள்கிறது. தூள் அலகில் ஒட்டும், காற்றில் போகும், தண்ணீர்த் தொட்டியில் கரைந்து புளிக்கும். தொட்டியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், பறவைக்கு அரை மீட்டர் இடம் கிடைக்கும்படி வையுங்கள். இடம் குறைந்தால் அடங்கிய பறவை பட்டினி கிடக்கும். கூட்டத்தைப் பார்க்கும்போது எல்லாமே தின்பதுபோலத்தான் தெரியும்.

முட்டையிடும் பெட்டைகளுக்கு, பருவம் தொடங்க ஒன்றரை மாதம் இருக்கும்போதே, அதாவது மார்ச் வாக்கில், புரதம் 20 சதவீதமும் கால்சியம் 2.5 முதல் 3 சதவீதமும் உள்ள தீவனத்துக்கு மாற்றிவிடலாம். அந்தத் தீவனத்தை வளரும் குஞ்சுகள் எட்டக் கூடாது. மிகுந்த கால்சியம் அவற்றின் எலும்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பலர் தடுமாறும் இடம் பருவப் பசி. ஆஸ்திரேலியக் கோடையின் தொடக்கத்தில், நவம்பர், டிசம்பர் மாதங்களில், ஈமு ஆவலாகத் தின்று முதுகிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்க்கும். குளிர்காலம் அதன் இனப்பெருக்கக் காலம். அப்போது தீனி தானாகவே குறையும். அடையில் உட்காரும் ஆண் 56 நாள் அளவுக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் தின்னாது. உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை கரையும். இது நோய் அல்ல, அதன் இயல்பு. பதறிப்போய் ரொட்டி, மக்காச்சோளம், சமைத்த சோறு என்று ஆசை காட்ட வேண்டாம். கூட்டுக்குப் பக்கத்தில் தீவனம் வைப்பது அதைவிடக் கெடுதல்: காகமும் நரியும் அந்தத் தீவனத்தைத் தேடி வந்து முட்டையைக் கண்டுபிடித்துவிடும். குஞ்சு பொரித்து அப்பா எழுந்து நடக்கும் நாளில், 30, 40 மீட்டர் தள்ளி நல்ல தீவனமும் தண்ணீரும் தயாராக இருந்தால் போதும்.

கொடுக்கவே கூடாதவை சில. மருந்து கலந்த கோழிக்குஞ்சுத் தீவனம் முதலாவது. ரத்தக் கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கும் மோனென்சின் வகை மருந்துகள், பறக்காத பெரிய பறவைகளின் தசையையும் இதயத்தையும் தாக்கும். கால் தள்ளாடி உட்காரும் பறவை பிறகு எழுந்திருப்பது அரிது. பையின் மீதுள்ள சிறு எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். அவகாடோ பழம், இலை, பட்டை எல்லாமே பறவைகளுக்கு நஞ்சு. பூஞ்சணம் பிடித்த தானியம், உப்பிட்ட தின்பண்டம், புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து வந்த நீளமான புல் ஆகியவையும் ஆகாது. அந்தப் புல் வயிற்றில் கயிறுபோல் முறுக்கி அடைத்துக்கொள்ளும். நீங்கள் போடும் பழம், கீரை எல்லாம் சேர்த்து மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும்.

ஈமு கல் விழுங்கும் பறவை. ஒவ்வொன்றும் 45 கிராம் வரை எடையுள்ள கற்களை விழுங்கி, அரைவைப்பையில் முக்கால் கிலோ அளவுக்குக்கூடச் சுமக்கும். விதையின் ஓட்டை நொறுக்குவது அந்தக் கற்கள்தான். கல் கிடைக்காத களிமண் நிலத்தில் நீங்களே கூழாங்கல் போட்டு வைக்க வேண்டும். குஞ்சுகளுக்கு அவற்றின் கால் நகத்தில் பாதி அளவுள்ள பொடிக்கல். இந்தப் பழக்கத்தின் மறுபக்கம் ஆணி, கம்பித்துண்டு, கண்ணாடிச் சில்லு, பிளாஸ்டிக் கட்டு ஆகியவை. மின்னுவது எதுவோ அது முதலில் உள்ளே போகும். பறவையை விடுவதற்கு முன்பு வலுவான காந்தத்தைக் கயிற்றில் கட்டி வேலியோரம் முழுவதும் இழுத்துவிடுங்கள். வேலி போட்ட அன்று கீழே விழுந்த இரண்டு அங்குலக் கம்பிதான் பெரும்பாலும் எமனாகிறது.

உணவு சரியாகச் செரிக்கிறதா என்று அறிய மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை. காலையில் விழுந்த எச்சத்தை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். நல்ல எச்சம் பச்சையும் பழுப்புமாக, குவியலாக இருக்கும். உள்ளே வண்டின் கறுத்த இறக்கைக் கூடு, சிறு விதைகள், ஈரமான நார்த்துணுக்கு ஆகியவை தெரியும். கோதுமை முழுசு முழுசாக வந்திருந்தால் அரைவைக்கல் போதவில்லை. வெறும் மஞ்சள் கூழாக இருந்தால் பெல்லட்டை மட்டுமே தின்கிறது, நிலத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. மண் மிகுதியாக இருந்தால் தீவனத்தைத் தரையில் கொட்டுகிறீர்கள். எச்சம் மிகக் குறைந்து, பறவை கழுத்தைத் தாழ்த்தி ஒதுங்கி நின்றால் அடைப்பு. அப்போது மட்டும் தாமதிக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

குஞ்சுகளில் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் காலில்தான் தொடங்குகிறது. அரைக் கிலோ எடையில் பொரிக்கும் குஞ்சு மாதக்கணக்கில் வேகமாக வளரும். புரதத்தை அதிகமாகக் கொடுத்து இன்னும் வேகப்படுத்தினால் உடல் கனத்துக்கு எலும்பு ஈடுகொடுக்காமல் கால் வெளிப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். 20 முதல் 22 சதவீதப் புரதமே போதும். கூடவே குதிரைமசாலைக் குவித்துக் கொடுப்பது வேண்டாம். பொடியாக, ஒரு செ.மீ. அளவுக்கு நறுக்கி ஒரு பிடி போதும். தகப்பன் இல்லாத குஞ்சுகளை வழுவழுப்பான சிமெண்ட் தரையிலோ செய்தித்தாள் மீதோ விடாதீர்கள். முதல் வாரத்திலேயே கால் அகன்றுவிடும். ரப்பர் விரிப்பு அல்லது சொரசொரப்பான சாக்கு போடுங்கள். முதல் வாரம் 32 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெயில் உள்ள நாளெல்லாம் குஞ்சு ஓட வேண்டும். எங்கள் கணிப்பில் குஞ்சின் காலைக் காப்பதில் எந்தச் சத்து மருந்தையும்விட 40 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை மேலானது.

இனி நடவு. இதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

ஒரு ஜோடிக்கு அரை ஏக்கருக்குக் குறைவான இடத்தில் செடி தாக்குப்பிடிக்காது. கொழுந்து விட விடக் கொத்திவிடும். இரண்டு ஏக்கர் இருந்தால் நிலத்தை மூன்று பகுதியாக வேலியிட்டு, ஒரு பகுதியை நட்டு, பறவை போகாமல் இரண்டு மூன்று ஆண்டு பூட்டி வையுங்கள். புதர் இடுப்புயரம் வந்த பிறகு திறந்துவிட்டு அடுத்த பகுதியை நடலாம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் நட்டுத் திறந்துவிட்டவர்கள் அடுத்த ஆண்டு மறுபடியும் நாற்று வாங்குகிறார்கள்.

பாதி நிலம் திறந்த புல்வெளியாகவே இருக்கட்டும். கங்காரு புல், வல்லபி புல் போன்று கொத்துக் கொத்தாக வளரும் நாட்டுப் புற்கள் நல்லவை. கொத்துகளுக்கு இடையே வெற்று மண் இருப்பதால் பறவை நடக்கும், வெட்டுக்கிளி பெருகும், விதை விழும். பாய்போல் படரும் அயல் புல்லில் இவை எதுவும் நடக்காது. மீதியில் 15, 20 புதர்கள் கொண்ட தோப்புகளாக நடுங்கள். புதருக்குப் புதர் 2 மீட்டர், தோப்புக்குள் இரண்டு மூன்று வேல மரங்கள். தோப்புக்கும் தோப்புக்கும் இடையே 5 மீட்டர் அகலப் பாதை விட வேண்டும். மிரண்ட ஈமு மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடும். சுவர்போல் அடர்த்தியாக நட்டுவிட்டால் அந்த வேகத்தில் வேலியைத் தவிர அதற்குப் போக்கிடம் இல்லை.

எந்தச் செடி என்பது மண்ணையும் மழையையும் பொறுத்தது. வறண்ட உள்நாட்டில் முல்கா, குவாண்டாங், சிறு சிவப்புப் பழம் தரும் ரூபி சால்ட்புஷ், உவர்மண்ணிலும் காய்க்கும் நைட்டர் புஷ், ஈமு புஷ் என்றே பெயர் பெற்ற எரிமோஃபிலா வகைகள். மழை மிகுந்த கடலோரத்தில் லில்லிபில்லி, நாட்டு அத்தி, நீலப் பழம் தரும் டயனெல்லா. எரிமோஃபிலாவில் ஓர் எச்சரிக்கை: புள்ளிப்பூ எரிமோஃபிலாவின் இலையில் சயனைடு உண்டாகும், அதே நிலத்தில் ஆடு, மாடு மேய்ந்தால் அந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள். ஈமு ஆப்பிள் என்ற மரத்தை விதையிலிருந்து வளர்க்க முயன்று மனம் தளர வேண்டாம். அதன் கொட்டை முளைப்பது மிகக் கடினம். அரளி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். சப்பாத்திக்கள்ளியைப் பழத்துக்காக வைக்கும் எண்ணமே கூடாது. ஈமு அதன் பழத்தை விரும்பித் தின்று விதையைக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோய்ப் போடும். அந்தக் குற்றத்துக்காகவே சென்ற நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்ட பறவை இது.

குவாண்டாங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஈமுவும் இந்த மரமும் ஒன்றையொன்று நம்பி வாழ்பவை. பறவை பழத்தை முழுதாக விழுங்கும். சதை செரித்து, குழி குழியான உருண்டைக் கொட்டை எச்சத்தோடு தூரத்தில் விழும். அடுத்த ஈரத்தில் முளைக்கும். நாற்று வாங்கித் தனியாக நடுபவர்களுக்கு அது ஓராண்டுக்குள் மஞ்சளாகிக் காய்ந்துவிடுகிறது. காரணம், இது சந்தன இனம். சந்தனத்தைப் போலவே பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைக் கோத்து நீரும் சத்தும் வாங்கி வாழும் பாதி ஒட்டுண்ணி. ஆகவே முதலாண்டு துணைச்செடியை நடுங்கள்: வேல இனம் ஒன்று, சால்ட்புஷ் ஒன்று, தரையில் படரும் பூபியாலா ஒன்று. அவை வேர்பிடித்த பிறகு அடுத்த ஆண்டு, துணைச்செடியிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குள் குவாண்டாங்கை நட வேண்டும். கொட்டையிலிருந்து வளர்ப்பதானால் ஓட்டை மெதுவாக உடைத்துப் பருப்புக்குக் காயம் படாமல் எடுத்து, ஈரமான வெர்மிகுலைட்டில் (நீரைப் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) குளிர்ந்த, இருட்டான இடத்தில் வையுங்கள். சூடான இடத்தில் பருப்பு அழுகும். நடும்போது வேரை உதறாதீர்கள். ஒரே மரம் சரியாகக் காய்க்காது என்பதால் வெவ்வேறு விதையிலிருந்து வந்த நான்கைந்து மரங்கள் வேண்டும். காய்ப்புக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டு காத்திருக்கவும் வேண்டும். அது பழுக்கும் வசந்த காலம், அடையில் மெலிந்த ஆண் ஈமு குஞ்சுகளோடு தோப்புக்குள் வரும் காலம். அதனால்தான் இத்தனை சிரமத்துக்கும் இந்த மரம் தகும் என்கிறோம்.

தெற்கில் ஏப்ரல், மே மாதங்களின் முதல் நல்ல மழைக்குப் பிறகும், வடக்கில் கோடை மழை தொடங்கியதும் நடலாம். குழிக்கு உரம் போட வேண்டாம். பல நாட்டுச் செடிகள் பாஸ்பரஸ் மிகுந்த உரத்தில் கருகும். செடியைச் சுற்றி அரை மீட்டருக்குப் புல்லை நீக்கி, தண்டைத் தொடாமல் 7, 8 செ.மீ. கனத்தில் சருகு மூடாக்கு. முதல் கோடையில் வாரத்துக்கு 5 முதல் 10 லிட்டர் தண்ணீர். நாற்றைக் காக்கப் பிளாஸ்டிக் உறையும் நைலான் கட்டும் போட்டால் அவை ஈமுவின் வயிற்றில்தான் முடியும். முனை மடக்கிய கம்பிவலைக் கூண்டு போடுங்கள். விழுந்த கிளைகளையும் சருகையும் சுத்தம் என்ற பெயரில் கூட்டி எரிக்காதீர்கள். வண்டும் புழுவும் அங்கேதான் இருக்கின்றன. முதல் மாதங்களில் குஞ்சின் புரதம் அதுதான். வெட்டுக்கிளிக்கு மருந்து அடிப்பதும், நத்தைக்கும் எலிக்கும் நஞ்சு வைப்பதும் அந்த நிலத்தில் அறவே கூடாது.

தண்ணீர்த் தொட்டி அகலமாகவும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். ஈமு குடிப்பதைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்: கால் மடக்கி அமர்ந்து, கீழ் அலகைக் கரண்டிபோல் நீரில் செலுத்தி அள்ளி, கழுத்தை உயர்த்தி விழுங்கும், தொந்தரவு இல்லையென்றால் தொடர்ந்து சில நிமிடங்கள் குடிக்கும். ஆழமான வாளியில் இது முடியாது. 15 செ.மீ. ஆழம், ஒருபுறம் சரிவு இருந்தால் குஞ்சும் மூழ்காது. இதைத் தவிரக் குளிப்பதற்கு ஒரு சேற்றுக்குட்டை அமைத்துக் கொடுத்தால், கோடையில் பகல் முழுக்க அதில் கிடக்கும். குட்டை நீரையும் குடிநீரையும் தள்ளித் தள்ளி வையுங்கள்.

வேலி 1.8 மீட்டர் உயரம், இழுத்துக் கட்டிய வலை. முள்கம்பி ஓர் இழைகூட வேண்டாம். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்துவிடுங்கள். வேலியின் உட்புறம் ஒரு மீட்டர் தள்ளி ஒரு வரிசைப் புதர் இருந்தால், ஓடி வரும் பறவைக்கு எல்லை தூரத்திலேயே தெரியும்.

இவ்வளவும் வளர்ப்புப் பறவைக்கு. தங்கள் நிலத்துக்குக் காட்டு ஈமு வந்து போகும் பேறு பெற்றவர்கள் தொட்டி வைக்கவே கூடாது. கையில் தின்னப் பழகிய ஈமு சாலையோரம் நிற்கும், வண்டியில் அடிபடும், நாயைக் கண்டு விலகாது. நியூ சவுத் வேல்ஸின் வடக்குக் கடலோர ஈமுக்கள் அழிவின் விளிம்பில் உள்ள கூட்டமாக அறிவிக்கப்பட்டிருக்கின்றன. வாகனம், நாய், காட்டுத்தீ, வேலி எல்லாமே அவற்றுக்குப் பகை. டாஸ்மேனியாவில் இந்த இனம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இல்லாமல் போனது. கிங் தீவின் குட்டை ஈமுவின் கடைசிப் பறவை 1822-இல் பாரிஸில் கூண்டுக்குள் இறந்தது. காட்டு ஈமுவுக்கு நீங்கள் செய்யக்கூடியவை: முள்கம்பியை எடுத்துச் சாதாரணக் கம்பி போடுவது, கால்நடை இல்லாத பகுதிகளின் வாயிற்கதவுகளைத் திறந்தே வைப்பது, நாயைக் கட்டி வைப்பது, ஓடைக்கரையிலிருந்து காடு வரை அந்தந்த வட்டாரத்து விதையில் வளர்ந்த பழப்புதர்களைத் தொடராக நடுவது.

சுற்றுலாப் பக்கங்களில் குழந்தைகள் ஈமுவுக்கு ரொட்டி ஊட்டும் படங்கள் அடிக்கடி வருகின்றன. அவற்றை வெளியிடாமல் விட்டுவிடும்படியும், அந்த இடத்தில் குவாண்டாங் தோப்புக்குள் குஞ்சுகளோடு நடக்கும் ஓர் ஆண் ஈமுவின் படத்தைப் போடும்படியும் தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஈமு வளர்ப்பிலும் நாட்டுச்செடி நடவிலும் ஈடுபட்டிருக்கும் தங்கள் வாசகர்கள்,
தெற்கு ஆஸ்திரேலியா